மைதானத்தில் ஐந்து சூழல் விளையாட்டுகள்: நடத்துவோருக்கு ஒரு கையேடு

பள்ளியின் தேசிய பசுமைப் படையோ, கோடை முகாமோ, தெருப் பிள்ளைகள் கூடும் ஞாயிற்றுக்கிழமையோ, சுற்றுச்சூழல் என்றதும் நம் கை முதலில் போவது சார்ட் பேப்பருக்கும் பேச்சுப் போட்டிக்கும்தான். விளையாட்டு வைத்தால்கூட பத்து நிமிடம் ஓடவிட்டு இருபது நிமிடம் அறிவுரை சொல்கிறோம். பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் மனசில் நிற்கும். ஆகவே சொல்ல வேண்டியதை அதற்குள்ளேயே, ஆட்டத்தின் விதியாக வைத்துவிட வேண்டும். தண்ணீர் வரும் வழி அடைபட்டதால் தன் அணி தோற்றது என்று கண்ட பிள்ளைக்கு வரத்துக்கால்வாய் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கீழே உள்ள ஐந்தும் 8 முதல் 14 வயது வரை, 30 பிள்ளைகள், குறைந்தது இரண்டு பெரியவர்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஏரி ஆட்டத்துக்கு மட்டும் மூன்று பெரியவர்கள் வேண்டும்.

முன் ஏற்பாடு

இடம் 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் இருந்தால் போதும். சிமெண்ட் தரையைத் தவிர்த்துவிடுங்கள். விழுந்தால் முட்டி போய்விடும், தண்ணீர் பட்டால் வழுக்கும். மணல் அல்லது புல்தரை உத்தமம். ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் தோளோடு தோள் நின்று ஒரே வரிசையாக மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்து வாருங்கள். நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, கம்பி எல்லாம் அதில் அகப்படும். பிள்ளைகள் பார்த்ததைச் சொல்ல மட்டும் செய்யட்டும். எடுப்பது பெரியவர் வேலை.

கோடு போடக் கோலமாவு போதும், இரண்டு கிலோ வாங்கினால் ஐந்து ஆட்டத்துக்கும் வரும். சுண்ணாம்புத் தூள் வேண்டாம். கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, கண்ணையே புண்ணாக்கும். அரிசி மாவில் போட்டால் எறும்புக்கு நல்லதுதான், ஆனால் அரை மணி நேரத்தில் கோடு நடக்கத் தொடங்கிவிடும்.

வெயில் காலத்தில் காலை 9.30 மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் தொடங்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க நிறுத்துவதைப் பிள்ளைகளின் தாகத்துக்கு விடாதீர்கள். ஆட்ட வேகத்தில் தாகமே தெரியாது. ஒரு குடமும் பத்து எவர்சில்வர் டம்ளர்களும் வையுங்கள். சூழல் முகாமில் பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டு நெகிழி பற்றிப் பேசினால் பத்து வயதுப் பிள்ளையே சிரிக்கும். பலூன், தெர்மாகோல், பிளாஸ்டிக் பதக்கம் எதுவும் வேண்டாம். பரிசாக டப்பாவிலிருந்து கடலை மிட்டாய், அல்லது எல்லாருக்கும் மோர்.

ஒரு பொது விதி: அவுட் ஆன பிள்ளையை உட்கார வைக்கும் ஆட்டம் எதையும் எடுக்காதீர்கள். முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் மெதுவாக ஓடும் பிள்ளை, புதிதாக வந்த பிள்ளை. மீதி நேரம் முழுக்க அது ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு இருக்கும்.

முதலாவது: மக்கும் மக்கும்

'கொக்கு பற பற' தெரியாத பிள்ளைகள் குறைவு. கொக்கு, மைனா என்றால் கையைத் தூக்க வேண்டும். எருமை பற பற என்றால் தூக்கக் கூடாது. சொல்பவர் மட்டும் எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கி ஏமாற்றுவார். அதே அச்சில் வார்த்தது இது. வட்டமாக நிற்க வேண்டும். "வாழையிலை மக்கும் மக்கும்!" என்றால் மண்ணோடு மண்ணாகப் போகிற மாதிரி சட்டென்று குந்த வேண்டும். "ஷாம்பு பாக்கெட் மக்கும் மக்கும்!" என்றால் விறைத்து நிற்க வேண்டும். சொல்பவர் எல்லாவற்றுக்கும் குந்துவார். தவறியவர் வட்டத்துக்கு வெளியே போய் நடுவராகி, அடுத்து தவறுபவரைப் பிடிக்க வேண்டும். மூன்று பேரைப் பிடித்துவிட்டால் திரும்ப உள்ளே வரலாம்.

ஐந்து நிமிடம் போதும், உடம்பு சூடாகிவிடும். இருபது பொருள்களை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். போகிற போக்கில் யோசித்தால் ஐந்தாவதிலேயே திக்கும். முதல் பத்து சுலபமானவை: முட்டை ஓடு, பால் கவர், வேப்பங்குச்சி, டூத் பிரஷ், சாணம், சிப்ஸ் பாக்கெட். அதன் பிறகு சண்டை வரும் பொருள்களை இறக்குங்கள். டீக்கடைக் காகிதக் கப், கல்யாண வீட்டில் கொடுக்கும் துணி போன்ற பை, கோவில் மாலை. பாதிப் பேர் குந்துவார்கள், பாதிப் பேர் நிற்பார்கள். அங்கே ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

காகிதக் கப்பின் உட்புறம் நெகிழிப் பூச்சு உண்டு. முந்தின இரவே ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துவாருங்கள். நகத்தால் காகிதத்தை உரித்தால் கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் தனியாக வரும். அதைக் கையில் கொடுத்து வட்டத்தைச் சுற்றவிட்டால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். கல்யாணப் பையைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாது. புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருக்கும். அதுவும் நெகிழிதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருள்களில் இவை இரண்டும் அடக்கம். மாலையில் பூ மக்கும், நைலான் நூலும் ஜிகினாவும் மக்காது. மாலைக்குப் பாதி குந்தி நிற்கிற பிள்ளை இருந்தால் அதற்குத்தான் முழு மதிப்பெண்.

இரண்டாவது: பச்சை, நீலம், சிவப்பு

குப்பை பிரிக்கும் தொடர் ஓட்டம். இதை எல்லாரும் நடத்துகிறார்கள், பெரும்பாலும் தப்பாக நடத்துகிறார்கள். வேகமாக முடித்த அணிக்கு வெற்றி என்று வைத்தால் பிள்ளைகள் எதை எதிலாவது எறிந்துவிட்டு ஓடிவருவார்கள். அப்படிச் செய்வதற்கு அவர்களுக்கு நாமே பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேண்டியவை: அணிக்குப் பத்து வீதம் 40 பொருள்கள், அணிக்கு மூன்று வாளிகள் அல்லது அட்டைப் பெட்டிகள், அவற்றில் கட்ட நிறத்துணி. மக்குவதற்குப் பச்சை, மக்காததற்கு நீலம், பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை போன்ற ஆபத்தான வீட்டுக் குப்பைக்குச் சிவப்பு. உங்கள் ஊர் உள்ளாட்சி வேறு நிறம் வைத்திருந்தால் அந்த நிறத்தையே எடுங்கள். வீட்டு வாசலில் பார்ப்பது ஒன்றும் மைதானத்தில் பார்ப்பது ஒன்றுமாக இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பொருள்களைத் தெருவில் பொறுக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே வீடுகளிலிருந்து சேகரித்து, பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து, டின் மூடிகளின் கூர்மையான ஓரத்தைப் பார்த்து நீக்குங்கள். சிவப்பு வாளிக்கான பொருள்களை அட்டையில் படமாக வரைந்து வைத்தால் போதும். உண்மையான பேட்டரியும் பல்பும் பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு வரவே கூடாது. மக்கும் பொருள்களுக்கு வாழைப்பழத் தோல், முருங்கைக் காம்பு, தேங்காய் நார், காய்ந்த பூ.

நான்கு அணிகள், அணிக்கு ஏழெட்டுப் பேர். குவியலுக்கும் வாளிக்கும் இடையே 15 மீட்டர். ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓடிப் போட்டுவிட்டு வந்து அடுத்தவர் கையைத் தொட வேண்டும். சரியான வாளியில் போட்டால் ஒரு மதிப்பெண், தவறினால் இரண்டு கழியும். முதலில் முடிக்கும் அணிக்கு மேற்கொண்டு இரண்டே இரண்டு. இந்தக் கணக்கில் இரண்டு தவறு செய்த வேகமான அணி, தவறே செய்யாத மெதுவான அணியிடம் தோற்கும். முதல் சுற்றில் அது நடந்ததும் இரண்டாம் சுற்றில் பிள்ளைகள் தாமாகவே வரிசையில் நின்றபடி "இது எதுலடா?" என்று கூடிப் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் ஆட்டம்.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு கூடுதல் விதி. நீல வாளியில் ஒரு வாழைப்பழத் தோலாவது தவறி விழுந்திருந்தால், நடத்துபவர் அந்த வாளியில் ஒரு கரண்டி சேற்றுத் தண்ணீரை ஊற்றுவார். நனைந்த காகிதம், அட்டை எதற்கும் மதிப்பெண் கிடையாது. குழம்பு பட்ட செய்தித்தாளைப் பழைய பேப்பர்க்காரர் வாங்குவாரா என்று கேட்டால் பதில் உடனே வரும். சேறு போட்ட காகிதத்தை இந்த ஆட்டத்துக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பதால் நனையக்கூடிய பொருள்களை இரண்டு மடங்கு கொண்டுவாருங்கள்.

மூன்றாவது: ஆமைக்குஞ்சுக் கிளித்தட்டு

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். 45 முதல் 60 நாளில் பொரிந்து, குஞ்சுகள் இரவில் மேலே வந்து வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். கடல் பக்கம்தான் வெளிச்சம் என்று இயற்கை பழக்கியிருக்கிறது. தெருவிளக்கு அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் இரவு நடை போய் முட்டைகளைப் பாதுகாக்கும் வேலை 1988லிருந்து நடக்கிறது. இவ்வளவு நடத்துபவருக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்ல வேண்டாம்.

8 மீட்டர் அகலத்தில், நான்கு நான்கு மீட்டர் இடைவெளி விட்டு ஐந்து குறுக்குக் கோடுகள் போடுங்கள். இடைவெளி மூன்று மீட்டருக்குக் குறைந்தால் மோதல் நிச்சயம். ஒரு முனையில் குழி: ஒரு கிண்ணத்தில் எண்ணி வைத்த 100 புளியங்கொட்டை. மறுமுனையில் கடல்: ஒரு தாம்பாளம். கிளித்தட்டில் போலவே காவலர்கள் கோட்டின் மேல் மட்டும் பக்கவாட்டில் நகரலாம், கோட்டை விட்டு இறங்கக் கூடாது. குஞ்சுகள் ஒரு முறைக்கு ஒரே ஒரு புளியங்கொட்டையுடன் கடலை நோக்கி ஓட வேண்டும். காவலர் தொட்டுவிட்டால் கொட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஓரமாகத் திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். யாரும் அவுட் இல்லை, புளியங்கொட்டைதான் குறைகிறது. குழி காலியானதும் சுற்று முடிந்தது. மூன்று நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

முதல் சுற்றில் முதல் இரண்டு கோடுகளில் மட்டும் காவல்: இரண்டு நண்டு, இரண்டு காகம். தாம்பாளத்தில் விழுந்ததை எண்ணித் தரையில் எழுதுங்கள்.

இரண்டாம் சுற்றில் மனிதர் சேர்த்தவை வரும். மூன்றாம் கோட்டிலும் நான்காம் கோட்டிலும் ஒவ்வொரு தெருநாய். ஐந்தாம் கோட்டில் கைகோத்த இரண்டு பேர், அதுதான் வலை. ஆடுகளத்துக்கு வெளியே, இரண்டாம் கோட்டுக்குப் பக்கத்தில் நான்கு மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை எவர்சில்வர் தட்டுடன் நிற்கட்டும். அது தெருவிளக்கு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைத் தட்டும்போது இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நடுவே இருக்கும் அத்தனை குஞ்சுகளும் ஓடிப்போய் விளக்கைத் தொட்டுவிட்டு அதே இடத்துக்குத் திரும்பித்தான் மேலே போகலாம். அந்த நேரத்தில் மட்டும் நாய்களுக்குக் கோட்டை விட்டு இறங்க அனுமதி. சுற்று முடிந்ததும் எண்ணி, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் சுற்றுக்கு முன் பிள்ளைகளையே கேளுங்கள்: ஏதாவது இரண்டை நீக்கலாம், எதை? யாராவது ஒருவர் "நண்டு" என்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள், நண்டுக்கும் பசிக்கும். விளக்கை அணைத்து, வலையை எடுத்து ஆடிப் பார்த்தால் மூன்றாவது எண் எப்படி மாறுகிறது என்பது தெரியும். கடைசியில் தாம்பாளத்தில் இருப்பதில் ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டுங்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமையாகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதாவது இதே மாதிரிப் பத்துக் குழி பொரித்தால் இந்த ஒன்று.

கவனிக்க வேண்டியது தொடுவதுதான். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே, விரித்த உள்ளங்கையால் மட்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் அந்தக் காவலர் பிடித்த கொட்டைகள் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று முதலிலேயே அறிவியுங்கள். ஒருமுறை அமல்படுத்தினால் போதும், அதற்குப் பிறகு யாரும் இழுக்க மாட்டார்கள்.

நான்காவது: ஏரிச் சங்கிலி

நேரம் இருந்தால் இது ஒன்றை மட்டும் நடத்தினாலும் போதும். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. பல இடங்களில் அவை சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழியே வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். இதைப் படம் வரைந்து காட்டினால் தலையாட்டுவார்கள். கொட்டாங்குச்சியில் சுமந்தால் புரிந்துகொள்வார்கள்.

வேண்டியவை: 50 லிட்டர் டிரம் ஒன்று, 20 லிட்டர் பழைய பெயிண்ட் வாளிகள் மூன்று (நன்றாகத் தேய்த்துக் கழுவியவை), ஓரம் மழித்த கொட்டாங்குச்சி 20, மக் ஆறு, செங்கல் ஏழெட்டு, கயிறு 20 மீட்டர், ஸ்டூல் நான்கு. வாளி ஒவ்வொன்றிலும் பத்து லிட்டர் அளவு வரும் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை போடுங்கள். அதுதான் கலங்கல். சூடு வைத்த கம்பியால் போட்டால் புகை மூக்கைத் துளைக்கும், துளையும் கோணலாகும். டிரில் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் போடுவது நல்லது. வாளியைச் செங்கல் மேல் வைத்தால் துளைக்குக் கீழே மக் பிடிக்க இடம் கிடைக்கும்.

டிரம்தான் மேகம். அதிலிருந்து 8 மீட்டர் தள்ளி மேல் ஏரி, இன்னும் 8 மீட்டரில் நடு ஏரி, பிறகு கடை ஏரி. 12 பேர் மழை: கொட்டாங்குச்சியில் மொண்டு மேல் ஏரியில் ஊற்ற வேண்டும். மேல் ஏரிக்கும் நடு ஏரிக்கும் ஊரார் ஏழேழு பேர்: கலங்கலில் வழிவதை மக்கில் பிடித்து அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். மீதி நான்கு பேர் கடை ஏரி ஊரார். வாளிக்குள் கையோ மக்கோ விடக் கூடாது. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். ஓட வேண்டாம், வேக நடைதான். ஓடுகிற கொட்டாங்குச்சியில் பாதி தரைக்குப் போய்விடும் என்பதைப் பிள்ளைகளே இரண்டு நடையில் கண்டுபிடிப்பார்கள்.

ஒரு கொட்டாங்குச்சி சுமாராக 150 மில்லி பிடிக்கும். மேல் ஏரி நிறைய எழுபது நடைக்குக் குறையாது. மழைக்காரர்கள் சுறுசுறுப்பாக இருந்தால் பத்து நிமிடத்துக்குள் கடை ஏரியிலும் தண்ணீர் ஏறத் தொடங்கும். எட்டு வயதுப் பிள்ளைகள் அதிகம் என்றால் துளையை ஐந்து லிட்டர் உயரத்திலேயே போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் மூன்று ஏரியிலும் ஒரு குச்சியை விட்டு அளந்து, குச்சியிலேயே கரிக்கோடு போடுங்கள். எல்லாத் தண்ணீரையும் டிரம்முக்குத் திருப்புங்கள்.

இரண்டாம் சுற்றில் மேல் ஏரிக்குள் இரண்டு செங்கல் போடுங்கள். அதுதான் வண்டல். நம்மூர்ச் செங்கல் ஒன்று ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று கூடவோ குறையவோ இடத்தை அடைக்கும். இரண்டு போட்டால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இங்கே நடத்துபவரே குழம்பக்கூடிய ஒரு விஷயம் உண்டு. வண்டல் சேர்ந்ததும் மேல் ஏரி சீக்கிரமே வழியும், கடை ஏரிக்குத் தண்ணீர் முன்னதாகவே வரும். "சார், இதுதான் நல்லாருக்கு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். மறுக்காதீர்கள். சுற்று முடிந்ததும் செங்கலை எடுத்துவிட்டு மேல் ஏரியில் குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வெள்ளமாக ஓடியது, கோடைக்கு இருப்பு இல்லை. கரிக்கோடு பேசிவிடும்.

மூன்றாம் சுற்றுதான் கடுமையானது. செங்கல் வெளியே இருக்கட்டும். மேகத்துக்கும் மேல் ஏரிக்கும் நடுவே இரண்டு கயிறுகளை முதலில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் விரித்து, 'இது வரத்துக்கால்வாய், இதற்குள்தான் நடக்கலாம்' என்று சொல்லி ஒரு நிமிடம் ஆடவிடுங்கள். பிறகு ஆட்டம் நடக்கும்போதே கயிற்றை 40 சென்டிமீட்டராகக் குறுக்கி, வழியில் ஸ்டூல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வையுங்கள். கயிற்றை மிதித்தால் கொட்டாங்குச்சித் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட வேண்டும். போகிறவரும் வருகிறவரும் முட்டிக்கொள்வார்கள். மேல் ஏரி நிறையாது, கலங்கல் வழியாது. நடு ஊரார் மக்கைப் பிடித்தபடி நிற்பார்கள். கடை ஏரி ஊரார் நான்கு பேரும் வேலையே இல்லாமல் நின்று, சலித்து, கடைசியில் கோபப்படுவார்கள்.

யாரையும் சும்மா நிற்க வைக்கக் கூடாது என்று மேலே சொன்ன விதியை இந்த ஓர் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே மீறுகிறோம். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். விசில் அடித்து, கடை ஏரிக்காரரிடம் முதலில் கேளுங்கள்: "உங்களுக்கு யார் மேல் கோபம்?" முதலில் மேல் ஏரிக்காரர்களைக் கைகாட்டுவார்கள். மேல் ஏரிக்காரர்கள் ஸ்டூலைக் காட்டுவார்கள்.

நான்காம் சுற்றுக்குப் பிள்ளைகளில் ஒருவரை நீர்கட்டி ஆக்குங்கள். ஊர் மதகைத் திறந்து அடைத்து, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டவர்களின் பெயர் அது. ஓட முடியாத பிள்ளை யாராவது இருந்தால் இந்தப் பொறுப்பு அவருக்குப் போகட்டும். ஆட்டத்தின் அதிகாரமே அவர் கையில்தான். மறுபடி இரண்டு செங்கல் உள்ளே, கயிறு குறுக்கியபடி, ஸ்டூல் வழியில். எல்லாரும் ஒரு நிமிடம் கூடிப் பேச, நீர்கட்டி இரண்டே இரண்டு மராமத்து வேலைகளை அறிவிப்பார்: ஸ்டூல்களை எடுப்பதா, கயிற்றை விரிப்பதா, செங்கலைத் தூக்குவதா. எதைச் சொன்னாலும் அப்படியே ஆடிப் பார்த்து அளந்துவிடுங்கள். தப்பான முடிவு எடுத்தால் திருத்த வேண்டாம், கரிக்கோடு திருத்தும்.

தவறுவது எங்கே: மண் சேறானதும் ரப்பர் செருப்பு வழுக்கும், ஆகவே வெறுங்கால் அல்லது பட்டை வைத்த செருப்பு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பாதையை ஒரு மீட்டர் நகர்த்துங்கள். வாளித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், எப்படியும் ஒருவர் முயல்வார். மாற்று உடை கொண்டுவரச் சொல்லி முந்தின நாளே வீட்டுக்குச் செய்தி போகட்டும். தண்ணீர்ப் பஞ்சமான ஊரில் காய்கறி கழுவிய நீரைச் சேர்த்து ஆடலாம். ஆடி முடித்த பிறகு டிரம்மில் மிச்சம் இருப்பது பக்கத்து மரத்தடிக்கு.

ஐந்தாவது: மானும் காடும்

சூழல் கல்வி முகாம்களில் உலகெங்கும் ஆடுகிற ஆட்டம் இது. 12 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒன்றில் 8 மான்கள், மற்றதில் 22 பேர் காடு. இரு வரிசையும் முதுகைக் காட்டி நிற்கும். வயிற்றில் கை வைத்தால் இரை, வாயருகே கை குவித்தால் தண்ணீர், தலைக்கு மேல் கை கோத்தால் மறைவிடம். மான் தனக்கு என்ன வேண்டுமோ அதைக் காட்டும். காட்டுப் பிள்ளை தான் எதுவாக இருக்கிறதோ அதைக் காட்டும். விசில் அடித்ததும் எல்லாரும் திரும்ப வேண்டும். மான் ஓடிப்போய்த் தன் சைகையோடு பொருந்தும் ஒருவரைத் தொட்டு அழைத்துவரும், அவரும் மானாகிவிடுவார். கிடைக்காத மான் இறந்து மண்ணாகிக் காட்டு வரிசையில் சேரும்.

பத்துப் பன்னிரண்டு சுற்று ஆடுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஓர் ஆண்டு. சுற்றுக்குச் சுற்று மான்களை எண்ணி, தரையில் கோலமாவால் கட்டம் போட்டு அதில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். முதலில் ஏறும், காடு மெலிந்ததும் சரியும், காடு தேறியதும் மறுபடி ஏறும். பிள்ளைகள் இந்த அலையைத் தம் காலாலேயே வரைந்திருப்பார்கள். தொடக்கத்தில் மான்களைப் பாதிக்குப் பாதி வைத்தால் இரண்டாம் சுற்றிலேயே சரிவு வந்து குழப்பும், அதனால்தான் 8.

ஐந்தாம் சுற்றில் காட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் காதோடு சொல்லுங்கள், யாரும் தண்ணீர் காட்டக் கூடாது என்று. அது வறட்சி. எட்டாம் சுற்றில் மூன்று பேரிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து இரை காட்டச் சொல்லுங்கள். அழைத்துப் போன பிறகு சீட்டைப் பிரித்தால் 'உணவு ஒட்டிய பிளாஸ்டிக் கவர்' என்று இருக்கும். அழைத்த மானும் வந்தவரும் இரண்டு பேருமே காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஏமாற்று ஒரே வகைதான்: திரும்பிப் பார்த்த பிறகு சைகையை மாற்றுவது. விசிலுக்கு முன் "சைகை உறுதி!" என்று கத்தி, இரண்டு நொடி விட்டு ஊதினால் பாதி குறையும். மீதிப் பாதியைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆட்டத்துக்குப் பிறகு

ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டால் சுவரில் எழுதியிருக்கும் வாசகத்தை ஒப்பிப்பார்கள். வேறு மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த இடத்தில் தோற்றோம்? நம்ம ஊரில் அந்த இடம் எது? அடுத்த தடவை எந்த விதியை மாற்றலாம்? இரண்டாவது கேள்விக்குப் பேருந்து நிலையம், கல்யாண மண்டபம் என்று பெயர்கள் வரும்போது குறுக்கே பேசாமல் இருப்பது நடத்துபவருக்குக் கொஞ்சம் கஷ்டமான வேலை.

ஐந்தையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். இரண்டு மணி நேரம் இருந்தால் மக்கும் மக்கும், பிறகு கிளித்தட்டு அல்லது மான், இடைவேளைக்கு மோர், கடைசியாக ஏரி. தண்ணீர் ஆட்டத்துக்குப் பிறகு வேறெதுவும் எடுபடாது. ஒரு மணி நேரம்தான் என்றால் ஏரியை விட்டுவிட்டு மற்றவற்றில் இரண்டு. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் சரிவரும். மான் ஆட்டத்தில் சைகை குழம்பும்.

டிரம், வாளி, செங்கல், ஸ்டூல் போக மற்ற சாமான்கள் ஒரு கோணிப்பைக்குள் அடங்கும். கட்டும் முன் புளியங்கொட்டையை எண்ணி நூறு இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு மூன்று பேர் சட்டைப்பையில் கட்டாயம் இருக்கும். பால் கவர்களையும் கொட்டாங்குச்சிகளையும் ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுக் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் அடுத்த மாதம் பையைத் திறக்கும்போது பூஞ்சை வாடை முதலில் வரும்.